இருட்டுக்கு ஏன் இத்தனை புகழ்?

கனடாவுல 2018 அக்டோபர்லேர்ந்து பெரும்பாலான மாகாணங்கள்ல வீட்டுக்கு 4 கஞ்சாச் செடி வளர்க்கலாம். (நம்மூர்ல வளர்த்தா கம்பி எண்ணணும் மக்களே, இது வெறும் தாவரவியல் பதிவு!) அறுக்கறதுக்கு முன்னாடி 2, 3 நாள் கும்மிருட்டுல வெச்சா பூவுல பிசின் கூடும்னு வளர்க்கறவங்க சிலர் அடிச்சுச் சொல்றாங்க.

எனக்கு நம்பிக்கை இல்லை. பிசினுக்கு மூலதனம், இலை வெளிச்சத்துல சமைச்ச சர்க்கரை. இருட்டுல அடுப்பு அணைஞ்சுடும். செடி சேமிப்பைத் தின்னுதான் காலம் தள்ளணும்.

"ஜப்பான்ல உஜி தேயிலையை மறைச்சு வளர்க்கறாங்களே?"ன்னு கேப்பீங்க. அது சுமார் 20 நாள் நிழல், கும்மிருட்டு இல்லை. வெயில்ல தியானின் குறைஞ்சு துவர்ப்பு ஏறும். நிழல் அதைத் தடுக்குது. காரணம் தெரிஞ்ச வித்தை.

இங்கே? 3 நாள் கூட விட்டா பூ எப்படியும் கொஞ்சம் முத்தும். பேர் இருட்டுக்குப் போகுது! ஆனா விளக்கணைச்ச அறையில ஈரம் ஏறி, பூவுல பூஞ்சை பிடிச்சா? அதை மருந்தா எடுக்கற நோயாளி கதி?

ஒரே தாய்ச்செடியோட கிளைகளை நட்டு, பாதியை இருட்டுல வெச்சு, எல்லாத்தையும் ஒரே நாள்ல அறுத்து, ஆய்வகத்துல அளந்து காட்டட்டும். அப்புறம் நம்பறேன். நீங்க என்ன சொல்றீங்க?