பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்

"பெடியன் இஞ்ச வந்து ஒரு வருசம்தான். டொச் தண்ணிபட்ட பாடு. வீட்டு அலுவல் எல்லாம் இப்ப அவன்தான் பாக்கிறான்." சுவிசில் இருந்து வரும் அழைப்புகளில் இந்தக் கதையை நாங்கள் எத்தனை தரம் கேட்டிருப்போம்? கேட்டவுடன் இங்கே அம்மம்மாவுக்குப் பெருமை, அயலட்டைக்கெல்லாம் சொல்லி முடித்துவிடுவா. அந்தப் பெருமையோடுதான் எங்களுக்குச் சண்டை.

'வீட்டு அலுவல்' என்றால் என்ன? அம்மாவின் மாதவிடாய் வருத்தத்தை வைத்தியருக்குச் சொல்வது. வதிவிட அனுமதி பற்றி வந்த கடிதத்தை வாசித்து, "எங்களைத் திருப்பி அனுப்புவினமோ?" என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்வது. கட்டாத காப்புறுதிக் காசுக்குத் தொலைபேசியில் தவணை கேட்பது. இதை 12 வயதுப் பிள்ளை செய்தால் அதற்குப் பெயர் கெட்டித்தனமா? பெரிய ஆக்கள் தூக்கவேண்டிய சுமை பிள்ளையின் தலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெற்றோரைத் திட்ட நாங்கள் வரவில்லை. அப்பா உணவகக் குசினியில், அம்மா துப்புரவு வேலையில். வகுப்புக்குப் போய் மொழி படிக்க நேரம் எங்கே? படித்தாலும் வகுப்பில் சொல்லித்தருவது ஒரு ஜெர்மன், பேருந்தில் கதைக்கிறது வேறொரு ஜெர்மன். பல ஊர்களில் மத்தியானம் பள்ளி விட்டால் பிள்ளை சாப்பிட வீட்டுக்கு வரவேண்டும். அந்த நேரம்தான் குசினியில் கூட வேலை. கழுத்தில் திறப்பைப் போட்டுக்கொண்டு வந்து, சோத்தைத் தானே சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பிள்ளைதான் பின்னேரம் கடிதப்பெட்டியையும் திறக்கிறது.

இதில் ஆகப் பெரிய அநியாயம் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. சூரிச் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி 6 வருசம். அது முடிய, பிள்ளை செகுண்டார் பள்ளியின் ஏ பிரிவுக்கா, பி பிரிவுக்கா, சில இடங்களில் இருக்கும் சி பிரிவுக்கா என்று தீர்மானிப்பார்கள். கிம்னாசியம் போகத் தனிச் சோதனை. பிரிவைத் தீர்மானிக்க ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைப்பார். அந்த மேசையில் பெற்றோருக்குச் சொல்லவும் கேட்கவும் மறுக்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் அங்கே மொழிபெயர்ப்பது யார்? யாரைப் பற்றிக் கதைக்கிறார்களோ அதே பிள்ளை!

"உங்கள் மகன் கணக்கில் பலவீனம்" என்று ஆசிரியர் சொல்வதை மகனே அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். உள்ளபடி சொன்னால் வீட்டில் ஏச்சு. கொஞ்சம் மாத்திச் சொன்னால் பொய்க்காரன். "பி பிரிவில் படித்தாலும் தொழிற்பயிற்சிக்குப் போய், தொழில்சார் மத்தூரா எடுத்து, உயர்கல்விக்கும் போகலாம்" என்று ஆசிரியர் விளங்கப்படுத்தும்போது, அந்தச் சொற்களுக்குப் பிள்ளையிடம் தமிழ் இல்லை. டொக்டர், எஞ்சினியர் தவிர வேறொன்றையும் கணக்கில் எடுக்காத எங்கட சமூகத்துக்கு அதைக் கேட்கப் பொறுமையும் இல்லை. பெற்றோர் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி வளர்ந்த ஆக்கள் ஒருவரோடொருவர் உண்மையில் கதைக்கவே இல்லை.

"பிள்ளை உதவி செய்யிறதில என்ன பிழை? அதுதானே எங்கட பண்பாடு" என்பார்கள். கடையில் பாண் வாங்கும்போது ரெண்டு சொல் சொல்லட்டும், அது உதவி. வைத்தியர், பள்ளி, அரச அலுவலகம், இந்த மூன்றும் வேறு. நோர்வேயில் 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்புச் சட்டம், அரச நிறுவனங்கள் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. உயிர் ஆபத்து போன்ற அவசரத்துக்கு விலக்கு உண்டு. ஒரு நாட்டின் சட்டத்துக்கு விளங்கினது எங்கட பெருமைக்கு ஏன் விளங்குதில்லை?

சுவிசிலும் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பல பள்ளிகள் தங்கள் செலவிலேயே ஒழுங்குசெய்து தருகின்றன. ஆனால் கேட்க வேண்டும். "வெளி ஆளுக்கு முன்னால எங்கட குடும்பக் கதையோ?" என்ற வெட்கம்தான் கேட்க விடுவதில்லை. ரகசியம் காப்பது அந்த மொழிபெயர்ப்பாளரின் தொழில் கடமை. பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. கேட்டதெல்லாம் அதன் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும்.

இங்கே இருக்கிற எங்களுக்கு இது புதுசும் இல்லை. சிங்களத்தில் மட்டும் எழுதிய படிவத்தை நீட்டினால் எப்படி இருக்கும் என்று எங்கட சனத்துக்கு 1956இல் இருந்தே தெரியும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சி மொழி என்றது. இன்றைக்கும் பொலிசில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லி வாதாட வேண்டியிருக்கிறது. "சிங்களம் தெரிஞ்ச சின்னப் பிள்ளை ஒண்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று ஒரு அதிகாரி சொன்னால் நாங்கள் சும்மா இருப்போமா? மொழி உரிமை என்று இங்கே கேட்பதை, கடல் தாண்டியதும் பிள்ளையின் கெட்டித்தனத்தால் ஈடுகட்ட முடியாது.

ஆகவே அடுத்தமுறை சித்தியோ மாமாவோ அழைத்து, பிள்ளை எல்லாம் பாக்குது என்று சொன்னால் கைதட்டாதீர்கள். "பள்ளிக் கூட்டத்தில ஆர் மொழிபெயர்க்கினம்?" என்று கேளுங்கள். பள்ளிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தையும் பிள்ளையைக்கொண்டு எழுதுவிக்க வேண்டாம்.