உழுதவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர்

ஜூன் திங்கள் பிறந்ததும் கடலூரிலே, சிதம்பரத்திலே ஒரு காட்சி. எட்டாம் வகுப்பு வரை ஆர்.சி. நடுநிலைப் பள்ளியிலே படித்த பையன், மதிப்பெண் அட்டையைக் கையிலே பிடித்தபடி, தனியார் பள்ளியொன்றின் வாயிலிலே நிற்கிறான். அருகிலே தகப்பன். தேவனாம்பட்டினத்திலே வலை இழுக்கிறவர், அல்லது முதுநகரிலே மூட்டை சுமக்கிறவர். உள்ளே நுழைவுத் தேர்வு. தேறியவனுக்குக் கதவு திறக்கும். தேறாதவன், "அரசுப் பள்ளியிலே சேரட்டும்" என்று அனுப்பப்படுகிறான், ஏதோ தண்டனை விதிப்பதைப் போல!

அந்தத் தகப்பனை நாம் குறை கூறவில்லை. தன்னினும் மேலான வாழ்வைத் தன் மகன் பெறவேண்டும் என்று எண்ணுவது குற்றமா? நாம் கேட்பது வேறு. தேறுகிற அளவுக்கு அந்தப் பையனை ஆக்கியது யார்?

புதுவையைத் தலைமையிடமாகக் கொண்டு பணிபுரிந்த பிரெஞ்சுப் பாதிரிமார் இந்த வட்டாரத்திலே பள்ளிகள் கண்டது 19 ஆம் நூற்றாண்டிலே. 1854 ஆம் ஆண்டின் உட் அறிக்கை பரிந்துரைத்த உதவி மானிய முறை அத்தகைய பள்ளிகளுக்கு ஊன்றுகோலாயிற்று. இன்றும் உதவி பெறும் ஆர்.சி. பள்ளி ஆசிரியரின் ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்தே வருகிறது. நம் வரிப்பணம் அது! அந்த வாயிலிலே, "என்ன மதிப்பெண்?" என்று எவரும் கேட்டதில்லை. எழுத்தறியாத வீட்டிலிருந்து வந்தவனுக்கும் அகரம் தொட்டுச் சொல்லிக்கொடுத்து, எட்டாண்டுக் காலம் உழைத்து ஆளாக்கினார்கள். விளைந்ததும் அரிவாளோடு வந்து நிற்பவர் வேறொருவர். அவர் ஊரெங்கும் பதாகை கட்டுகிறார், விதைத்ததும் தாமே என்பதுபோல!

சிதம்பரத்தாருக்கு இந்த வாயில் காவல் புதிதன்று. தில்லைக்குள் நுழையமாட்டாமல் எல்லையிலே நின்ற நந்தனின் பெயராலே, 1916 ஆம் ஆண்டு, சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அதே ஊரிலே பள்ளி கண்டார். வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே அழைப்பதுதான் பள்ளி என்று காட்டினார். இன்றோ சாதி கேட்டு நிறுத்தவில்லை. மதிப்பெண் கேட்டு நிறுத்துகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, பிள்ளையைச் சோதித்துச் சலித்தெடுப்பதைத் தடுக்கிறது. முதன்முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதிலும் பதினொன்றிலும் சல்லடை தாராளமாக ஆடுகிறது. சட்டம் முடியும் படிக்கட்டிலேதான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்!

இழப்பு அதோடு நிற்கிறதா? ஆகஸ்ட் முதல் நாள் தலை எண்ணுகிறார்கள். தொடக்கநிலையிலே 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. எட்டாவது வரைகூடக் காத்திராமல் ஐந்தாவதோடு பத்துப் பையன்கள் வெளியேறினால் ஓர் ஆசிரியர் "உபரி" ஆகிவிடக்கூடும். அவர் போனால் கணக்குப் பாடத்திற்கு ஆளில்லை. ஆளில்லை என்றதும் இன்னும் பத்துப் பேர் புறப்படுகிறார்கள். எஞ்சியிருப்பவன் யார்? எங்கும் போகவழியற்ற ஏழையின் மகன்.

திருச்சபையாரிடமும் ஒன்று கேட்போம். உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளியை நடத்துகிற அதே நிர்வாகம், மதிலுக்கு அப்பால் கட்டணப் பள்ளியும் நடத்துகிற ஊர்கள் தமிழகத்திலே எத்தனை! சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விலக்கு ஏழைக் கிறித்துவப் பிள்ளைக்குக் குடையாகிறதா, கட்டணப் பள்ளிக்கு வேலியாகிறதா?

அரசிடமும் கேட்கவேண்டியது உண்டு. 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவக் கல்லூரியிலே 7.5 விழுக்காடு இடம் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கிடைத்தது. மகிழ்ந்தோம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கவேண்டும் என்பதாலே, உதவி பெறும் பள்ளியின் மீனவச் சிறுவனுக்கு அதிலே பங்கில்லை. "இங்கே இருந்து என்ன பயன்?" என்று தகப்பன் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

ஒரு விடை உண்டு. அதை அவருக்குச் சொல்வாரில்லை. 2024 ஆகஸ்டிலே தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியிலே தமிழ்வழியிலோ படித்த பையனுக்குக் கல்லூரியிலே திங்கள்தோறும் 1,000 ரூபாய் என விதி வகுத்தது. நடுவிலே தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். கட்டணச் சலுகை என்ற சொல்லிலே மயங்கி மாறுகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

கிளைத் தோழர்களே! ஆகஸ்ட் கணக்கெடுப்புக்கு முன்னே உங்கள் வட்டத்து ஆர்.சி. பள்ளிக்குப் போங்கள். எத்தனை பையன்கள் சான்றிதழ் வாங்கிச் சென்றார்கள், எந்த ஆசிரியர் உபரியானார் என்று கேட்டெழுதுங்கள். வீடுதோறும் திட்டத்தின் விதியைப் படித்துக் காட்டுங்கள். 13 ஆம் பிரிவின் தடை பன்னிரண்டாம் வகுப்பு வரை நீளவேண்டும் என்று கையொப்பம் திரட்டி, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நேரிலே சென்று கொடுங்கள்.