'பார்க்கலாம்' என்று இழுக்காதீர்கள்

தோணி வந்து ஒதுங்கும் துறை என்பதை தோணிரேவு தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அந்த ஊரை ஒட்டிய பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் இறால் வலை கட்டிவிட முடியாது. குறிப்பிட்ட சில குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டு இடமும் நாளும் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை தலைமுறைகளாக நடக்கிறது. பாடு உள்ளவர்களுக்குள் அது நல்ல நியாயம்தான். இல்லாதவர்கள் கரையிலிருந்து பார்க்க வேண்டியதுதான். இப்படித் தண்ணீரே சமூகவாரியாகப் பிரிந்துகிடக்கும் இடத்தில், அடுத்த குப்பத்து நண்பரோ வேறு மதத்து நண்பரோ விசேஷத்துக்குப் பத்திரிகையை நீட்டும்போது 'பார்க்கலாம்' என்று இழுப்பது சின்ன விஷயமில்லை. 'கண்டிப்பா வர்றோம்' என்று அப்போதே சொல்லி, போய் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்பது என் கட்சி.

சாப்பாட்டை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நம் ஊரில் விலக்கம் பந்தியில்தான் பளிச்சென்று தெரியும். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் சில மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறியது 1920களில் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் அரசின் சமபந்தி விருந்தும் அந்தப் பழைய காயத்துக்கான மருந்துதான். ஆனால் அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. அமைச்சர் சாப்பிடும் படம் வந்ததும் காரியம் முடிந்துவிடும். நண்பர் வீட்டில் அப்படி இல்லை. மகிமை மாதா கோயில் திருவிழாவானாலும் ரம்ஜான் விருந்தானாலும், வந்தவர் இலையில் கை வைக்கிறாரா, 'இப்பதான் சாப்பிட்டேன்' என்று மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு நழுவுகிறாரா என்று வீட்டுக்காரம்மா கவனித்துக்கொண்டேதான் இருப்பார்.

ஒரு நாள் தொழில் போகுமே என்பார்கள். உண்மைதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலும் கடலுக்குப் போக விடாமல் நிறுத்தப்படுகிறவர்களுக்கு ஒரு நாளின் விலை நன்றாகத் தெரியும். பாடு வரும் நாளாக இருந்தால் அதையும் அழைத்தவரிடமே சொல்லலாம். அவரும் ஏரியை நம்பி இருப்பவர், கோபித்துக்கொள்ள மாட்டார். மொய்ப் பயம் அதைவிடப் பெரியது. அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் கையில் இல்லாதவர் போகவே கூசுகிறார். இங்கே மாற வேண்டியவர் அழைப்பவர்தான். வாசலில் மொய் நோட்டோடு ஆளை உட்காரவைத்துவிட்டு, 'சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க' என்றால் யார் நம்புவார்கள்?