நாலு இருபத்தஞ்சு எவ்வளவு?

"கொஞ்சம் பக்குவமா நடந்துக்கப்பா." இந்த அறிவுரையைக் கேட்காமல் நம் சேரிகளில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. ஊர்த் தெருவில் வண்டியை விட்டு இறங்கச் சொன்னாலும், டீக்கடையில் தனி டம்ளரை நீட்டினாலும், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அடங்கிப் போவதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்தான் இந்தப் பக்குவம். அதற்கு வேறு பொருளும் உண்டு என்று காட்டும் இந்திச் சிறுகதை ஒன்றை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

எழுதியவர் ஓம்பிரகாஷ் வால்மீகி (1950–2013). உத்தரப் பிரதேசத்தில், துப்புரவு வேலைக்குத் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர். 1997இல் வெளியான 'ஜூட்டன்' என்ற தன்வரலாற்றால் நாடறிந்தவர். அவருடைய இந்தக் கதையின் தலைப்புக்கு 'இருபத்தஞ்சு நாலு நூத்தம்பது' என்று பொருள்.

பள்ளியில் வாய்ப்பாடு படிக்கும் சிறுவன் சுதீப்பிடம், நாலு இருபத்தஞ்சு நூத்தம்பது என்று அடித்துச் சொல்கிறார் எழுதப் படிக்கத் தெரியாத அப்பா. மனைவியின் வைத்தியத்துக்கு ஊர்ப் பெரியவர் சௌத்ரியிடம் கடன் வாங்கியபோது, நாலு மாத வட்டிக்கு அவர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. அதிலும் கொஞ்சம் தள்ளுபடி செய்தார் என்பதால் அப்பாவுக்கு அவர் மேல் தீராத நன்றி. அவ்வளவு பெரிய மனிதர் பொய் சொல்வாரா? அப்பா சொன்னதை வகுப்பில் சொன்ன பையனுக்குக் கிடைத்தது வாத்தியாரின் சாதி வசவு. புத்தகக் கணக்கு ஒரு பக்கம், அப்பாவின் நம்பிக்கை மறுபக்கம். நடுவில் நிற்கிறது குழந்தை.

ஆண்டுகள் கழித்து முதல் சம்பளத்தோடு சுதீப் வீடு திரும்புகிறான். ரூபாய் நோட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாக நான்கு அடுக்கு வைத்து, அப்பாவை உட்கார வைத்து எண்ணிக் காட்டுகிறான். நூறுதான் வருகிறது. ஆயுள் முழுக்கச் சுமந்த நன்றி அப்போது அந்த மனிதரின் வாயிலிருந்து சாபமாக வெடிக்கிறது.

கணக்கு அவனுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அதை அப்பாவுக்குப் புரியவைக்கும் வழிதான் இப்போது கைவருகிறது. "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவன் அவரை எடுத்தெறிந்து பேசவில்லை. சௌத்ரி செய்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை. இதையே நாம் பக்குவம் என்கிறோம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழகம் தனிச் சட்டம் போட்டது 2003இல். ஆனாலும் செங்கல் சூளை முன்பணத்துக்கும் வட்டிக் கடனுக்கும் இன்னொருவர் எழுதிய கணக்கை நம்பிக் கைநாட்டு வைக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். படித்த பிள்ளைகளில் சிலர், படிக்காத அப்பாவை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தவே கூச்சப்படுவதையும் பார்க்கிறோம்.

அந்தப் பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பெட்டிக்கு அடியில் கிடக்கும் கடன் சீட்டை எடுங்கள். அப்பா, அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வரியாக, அவர்களுக்குப் புரியும்வரை, சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.