பழைய ஸ்டீரியோ: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

ஒரு பொருள் பழையது என்று சொல்லி முடிப்பதற்குள் "மாற்றிவிடலாமே" என்று பதில் வரும் காலம் இது. பல வீடுகளின் கூடத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கும் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. 1970களிலும் 1980களிலும் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்கள் சான்சுயி, பயனியர், அக்காய் என்று பெயர் பொறித்த பெட்டிகளைச் சுமந்து வந்தார்கள். நம் நாட்டில் செய்த சோனோடைன், காஸ்மிக் பெட்டிகளை இங்கேயே வாங்கியவர்களும் உண்டு. அவற்றை இன்று என்ன செய்வது? "வயது என்ன?" என்று கேட்டு முடிவு செய்யக் கூடாது, "குறை என்ன?" என்று கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ரிசீவர் என்பது வானொலியும் ஆம்ப்ளிபயரும் ஒன்றாக அமைந்த பெட்டி. அதை மாற்றச் சொல்வோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. புதிய பெட்டியில் தொலைக்காட்சியை இணைக்கலாம். கைப்பேசியிலிருந்து கம்பியில்லாமலே பாட்டு கேட்கலாம். திரைப்படத்துக்கு ஐந்து ஏழு ஸ்பீக்கர்களை வைத்துக்கொள்ளலாம். இவை தேவைப்படும் வீட்டார் வாங்கட்டும். ஆனால் "வாட் அதிகம், ஆகவே ஒலியும் அதிகம்" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். 20 வாட் பெட்டியை விட்டு 40 வாட் பெட்டி வாங்கினால் ஒலி இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது சிறிய வேறுபாடாகவே படும். இரு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு, அதாவது 200 வாட் தேவை! நம் வீட்டுக் கூடத்தில் அளவாகப் பாட்டு கேட்கச் சில வாட்டுகளே போதும்.

அப்படியானால் பழைய பெட்டி ஏன் இரைகிறது? ஏன் ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது? பெரும்பாலும் சிறு உறுப்புகளின் தேய்மானமே காரணம். மின்தேக்கிகளுக்குள் இருக்கும் ஈரப்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும். அப்போது "ம்ம்" என்ற இரைச்சல் கேட்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் தூசி படிந்தால் கரகரப்பு வரும். ஸ்பீக்கரின் ஓரத்து நுரைவளையம் நம் ஊர் வெப்பத்தில் பொடிந்து உதிரும். இவை மூன்றையும் தனித்தனியே சரிசெய்யலாம். கைப்பேசிப் பாட்டு வேண்டுமென்றாலும் பெட்டியை மாற்றத் தேவையில்லை. பின்புறத்தில் "ஆக்ஸ்" என்று எழுதிய துளைகளில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் போதும்.

வானொலி நிலையம் நின்றுபோனதற்கும் பெட்டியின் மேல் பழி போடக் கூடாது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் நின்றது. அது பெட்டியின் குற்றமா? 1977இல் சென்னையில் தொடங்கிய பண்பலையோ இன்றும் ஒலிக்கிறது.

இந்தப் பாடத்தை ஆரணியில் பிறந்த நமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. நம் பட்டுத் தறியைப் பாருங்கள். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804இல் அமைத்த கருவி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கிப் பூவேலை செய்தது. அந்தக் கருவி நம்மவர் கைக்கு வந்தபோது குழித்தறியைத் தூக்கி எறிந்தார்களா? இல்லையே! தறியின் தலைமேல் ஜக்கார்டை ஏற்றினார்கள். குழியும் மிதிகட்டையும் நாடாவும் தத்தம் வேலையைத் தொடர்ந்து செய்தன. கரையும் முந்தானையும் புதுப்பொலிவு பெற்றன. நல்லதை வைத்துக்கொண்டு இல்லாததைச் சேர்ப்பதும் முன்னேற்றந்தான். சேலையை நெய்து கொடுத்த பிறகே கூலி காணும் வீடுகளில், மாற்றத் தேவையில்லாத ஒன்றை மாற்றும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் பணமன்றோ?

ஆயினும் பழமை என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டாலும், மின்கம்பியின் உறை வெடித்து அதிர்ச்சி கொடுத்தாலும், உரிய டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போலிகளே கிடைத்தாலும் பெட்டிக்கு விடை கொடுப்பதே அறிவு. ஜப்பான் நாட்டு உபயோகத்துக்கென்றே செய்த பெட்டிகள் 100 வோல்ட்டில் இயங்குபவை. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அவற்றின் பழைய பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்சு வரைதான். நம் நிலையங்கள் 88 முதல் 108 வரை. அத்தகைய பெட்டியில் வானொலி கேட்க நினைப்பவர் ஏமாறுவார். பாடவும் விடாமல், பழுதும் பாராமல், பெருமைக்காக மூடி வைப்பது தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலை ஒக்கும்.

தோழியரே, இது அண்ணன் தம்பியர் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. மின்தேக்கியையும் மின்மாற்றியையும் இயற்பியல் வகுப்பில் படிப்பது தேர்வுக்கு மட்டுந்தானா? மூடியைத் திறக்கும் வேலையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடமே விடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆனால் எந்த உறுப்பு கெட்டது, அதன் விலை என்ன, மாற்றினால் எத்தனை நாள் உழைக்கும் என்ற மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். கேட்கத் தெரிந்த பெண்ணை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பயன்படுத்தித் தூக்கி எறியும் பழக்கத்தைக் கண்டித்தது. எறிந்த பெட்டி மறைந்துவிடுவதில்லை. அதன் பற்றாசில் உள்ள ஈயம் எங்கோ ஒரு மண்ணில், யாரோ ஓர் ஏழைக் குழந்தை விளையாடும் இடத்தில் சேரக்கூடும். ஆதலால் விடை கொடுக்க நேர்ந்தாலும் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு பெறும் உரிய இடத்தில் சேர்ப்பது நம் கடமை.

ஆகவே பெற்றோரே, தோழியரே! கடைக்குப் புறப்படுமுன் பெட்டியின் மேல் போர்த்திய துணியை எடுங்கள். தூசியைத் துடையுங்கள். நல்ல பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அது பாடுமானால் பாடட்டும்; முடியாதென்று தெரிந்தால் நன்றியோடு அனுப்புங்கள். எப்படியாயினும் அடுத்த வீட்டில் புதிது வந்துவிட்டது என்பது நம் வீட்டில் பழையதை மாற்றக் காரணமாகாது.