மூணு செடிக்கு அனுமதி... அதில் ஆண் எது, பெண் எது? ஜெர்மனி கஞ்சா சட்டத்தில் ஒரு தாவரவியல் சிக்கல்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டிலேயே கஞ்சா செடி வளர்க்கலாம். ஒருவருக்கு ஒரே நேரத்தில் 3 செடி. விளைந்ததை வீட்டில் 50 கிராம் வரை வெச்சிருக்கலாம், வெளியே எடுத்துப் போனால் 25 கிராம்தான். இதெல்லாம் அப்போதே செய்திகளில் வந்தாச்சு. அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி இருக்கு. அந்த மூணும் பெண் செடியா?

ஏன் இந்தக் கேள்வி?

கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நம்ம ஊர் பனை மாதிரி. அலகுப்பனையில் நுங்கு கிடைக்காது, பருவப்பனையில்தான் கிடைக்கும் இல்லையா, அதே கதைதான். போதை தரும் டிஹெச்சி நிறைந்த பிசின் அதிகம் சேர்வது பெண் பூவில். அதுவும் மகரந்தம் படாமல் இருந்தால்தான். மகரந்தம் பட்டுவிட்டால் செடி தன் சக்தியை விதைக்குத் திருப்பிவிடும்.

சாதாரண விதையில் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி. 3 விதை போட்டால் மூணுமே பெண்ணாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புதான். ஜெர்மனி சட்டமோ பால் பார்த்து எண்ணுவதில்லை. ஆண் செடி நின்றாலும் அது கணக்கில் ஒன்று. போதாததற்கு மகரந்தம் காற்றில் பறக்கும் என்பதால், ஒரே ஒரு ஆண் செடி பக்கத்து வீட்டு பால்கனியில் நிற்கும் செடியையும் விதை பிடிக்க வெச்சிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாற்றைப் பார்த்தும் முடியாது. முளைத்து ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும்போது தண்டில் கிளை பிரியும் கணுவில் ஒரு சின்ன அடையாளம் வரும். அங்கே குட்டி உருண்டை மொட்டு மட்டும் இருந்தால் ஆண். கண்ணீர்த்துளி வடிவ உறையில் இருந்து இரண்டு வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருந்தால் பெண். அவசரமானவர்களுக்கு இலைத்துண்டில் மரபணு பரிசோதனையும் உண்டு. நம்மைப் போலவே கஞ்சாவிலும் எக்ஸ், ஒய் குரோமோசோம்தான்.

ஆனால் அந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாத ஆள் ஒன்று இருக்கு. இருபால் செடி. மரபணுப்படி பெண்ணாகவே இருக்கும், பெண்ணாகவே பூக்கும். இருட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் வெளிச்சம் பட்டாலோ, வெயில் தாங்காவிட்டாலோ, பூவுக்குள்ளேயே வாழைப்பழ வடிவில் மஞ்சள் மகரந்தப் பைகளை விடும். சிலவற்றுக்கு இது பரம்பரைக் குணம். பப்பாளியில் இருபால் மரம் கிடைத்தால் விவசாயிக்குச் சந்தோஷம், இங்கே அது தலைவலி.

இந்தக் குணத்தையே வியாபாரம் ஆக்கினதுதான் 'பெண் விதை'. வெள்ளிச் சேர்மக் கரைசலைப் பெண் செடியில் தெளித்தால் எத்திலீன் ஹார்மோனின் வேலை தடைபட்டு ஆண் பூ வரும். அந்த மகரந்தத்தில் ஒய் குரோமோசோமே இருக்காது. அதிலிருந்து வரும் விதை ஏறக்குறைய எல்லாமே பெண்தான்.

300 வருடக் குழப்பம்

தாவரத்துக்கும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து எழுதியவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரப் பேராசிரியர் காமெராரியுஸ். வருடம் 1694. அவர் சோதித்த செடிகளில் ஹெம்ப்பும் ஒன்று, அதாவது நாருக்காக வளர்க்கும் கஞ்சா இனம். ஆண் செடியை அகற்றின பிறகும் பெண் செடியில் விதை பிடித்ததைப் பார்த்து மனுஷன் குழம்பிப் போனார். இருபால் பூ ஏதாவது ஒளிந்திருந்திருக்கலாம் என்று இன்று நாம் ஊகிக்கலாம்.

அந்த நாட்டு விவசாயிகள் பேரையே மாற்றி வைத்திருந்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். மெலிந்து, சீக்கிரம் காய்ந்துபோகும் ஆண் செடிக்கு 'ஃபேமெல்' என்று பேர். லத்தீனில் பெண் என்ற சொல்லில் இருந்து வந்தது! மெலிந்தது எல்லாம் பெண் என்று நினைத்த காலம் அது.

கண்டுபிடிக்கும் தொழில் நம் பக்கமும் இருந்தது. பிரிட்டிஷ் காலத்து வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தின் நவ்காவ் பகுதியில், வயலுக்கு வயல் நடந்து ஆண் செடியைப் பிடுங்கவே 'பொத்தார்' என்ற ஆட்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர் ஆவணங்களில் அவர்களுக்குப் பேர் 'கஞ்சா டாக்டர்'.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான். 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வளர்த்தால் 10 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதே சட்டம் 'கஞ்சா' என்று சொல்வது பூ அல்லது காய் பிடித்த நுனிப் பகுதியை மட்டும். நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. வழக்குகளில் பெரிய சண்டை இங்கேதான். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, ஜாமீன் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். வேரோடு பிடுங்கின செடியை இலை, தண்டு எல்லாம் சேர்த்து எடை போட்டார்களா, பூவை மட்டுமா என்று வக்கீல்கள் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தின் பேரில் உயர் நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுத்த வழக்குகளும் உண்டு.

ஆனா அந்த வரையறையில் ஆண், பெண் என்ற சொல் எங்கேயும் இல்லை. "என் வீட்டில் நிற்பது ஆண் செடிதானே" என்று சொல்லித் தப்பிக்க வழி கிடையாது.