பொழுதுபோக்கு ட்ரோன்களும் பைலட் அத்தாட்சியும்

ஆளில்லா விமானமாகிய ட்ரோனைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் வாலிபர்கள் இன்று நகரங்களில் மாத்திரமன்றிச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். தொழில் செய்வோருக்கென ஏற்பட்ட பைலட் அத்தாட்சியை இவர்களும் பெற்றுக்கொள்வது நலம் என்று பயிற்சிப் பள்ளிகள் அழைக்கின்றன. பதினாயிரக்கணக்கில் பணம் செலவிட்டு இந்த அத்தாட்சியை வாங்குவதால் பொழுதுபோக்காளனுக்கு உண்மையில் பயன் உண்டா? விஷயம் அற்பமானதென்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. புதியதொரு வித்தையில் ஊக்கங்கொண்ட வாலிபனைச் சட்டம் எவ்விதம் நடத்துகிறது என்பதைப் பொறுத்தே அவ்வித்தை தேசத்தில் வேரூன்றுவதும் பட்டுப்போவதும் இருக்கிறது.

இத்துறையில் நமது சர்க்கார் நடந்துவந்த வழியை முதலில் நினைவுகூர்வோம். 2014-ம் வருஷம் அக்டோபரில் சிவில் விமானத்துறை டைரக்டர் ஜெனரல் ஒரு பொது அறிவிப்பின் மூலம் ட்ரோன்களின் சிவில் உபயோகத்தையே தடுத்துவிட்டார். 2018-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி முதல் நிபந்தனைகளுடன் கதவு சிறிது திறக்கப்பட்டது. 2021 மார்ச்சில் பிறந்த விதிகள் எங்கும் அநுமதி, எதற்கும் கட்டணம் என்ற முறையில் இருந்தமையால் பலத்த ஆட்சேபம் எழுந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி அவை நீக்கப்பட்டு, இப்பொழுது வழங்கும் ட்ரோன் விதிகள் வெளியாயின. 25 நமூனாக்கள் 5 ஆகவும், 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகவும் குறைந்தன. ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்கள் குண்டு போட்டது அதே வருஷம் ஜூன் 27-ந் தேதி. அந்தப் பீதி அடங்கு முன்பே, பிரஜைகளை நம்பி விதிகளைத் தளர்த்த சர்க்கார் துணிந்தது பாராட்டத்தக்க செயலே.

விதிகள் சொல்வதென்ன? சுமையுடன் சேர்ந்த எடையைக் கொண்டு ட்ரோன்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 250 கிராம் வரை நானோ. அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதற்குமேல் 25 கிலோ வரை சிறுவகை. நானோவை ஓட்டுவதற்குப் பைலட் அத்தாட்சி தேவையில்லை. மைக்ரோவை வியாபார நோக்கமின்றி ஓட்டுவதற்கும் தேவையில்லை. 2 கிலோவுக்கு மேற்பட்டதை விளையாட்டாக ஓட்டினாலும், 250 கிராமுக்கு மேற்பட்டதை வருமானத்துக்காக ஓட்டினாலும் அத்தாட்சி வேண்டும். ஆகவே, நம் பொழுதுபோக்காளரில் மிகப் பெரும்பாலோருக்குச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. "அத்தாட்சி இல்லாவிட்டால் அபராதம்" என்று அவர்களை யாரேனும் பயமுறுத்துவாராயின் அது நியாயமன்று. அத்தாட்சி வேண்டாமென்பதால் பதிவும் வேண்டாமென்று கொள்வதும் பிசகு. யந்திரத்தைப் பதிவு செய்து அடையாள எண் பெறும் கடமை வேறு.

அத்தாட்சியைப்பற்றிப் பரவியிருக்கும் வீண் நம்பிக்கைகளையும் களைய வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு வானம் விரிந்துவிடுவதில்லை. டிஜிட்டல் ஸ்கை படத்தில் பச்சை மண்டலமாகக் காட்டிய இடத்தில் 400 அடி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடத்தில் 200 அடி என்ற வரம்பு, அத்தாட்சி பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் ஒன்றே. சிவப்பு மண்டலத்தில் மத்திய சர்க்காரின் அநுமதியின்றி இருவரும் பறக்க முடியாது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. அத்தாட்சி மனிதனுக்கு, யந்திரத்துக்கு வேறு அத்தாட்சி உண்டு. 25 கிலோ வரையுள்ள மாதிரி விமானத்தைக் கல்விக்கோ விளையாட்டுக்கோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் பறக்கவிடும் மட்டும் அதற்கு ரகச் சான்று தேவையில்லை. நானோவுக்கும் தேவையில்லை. ஏனைய யந்திரங்களைத் தொழிலில் இறக்குவதானால் அந்த ரகம் சர்க்காரால் சோதித்து ஏற்கப்பட்டதாயிருப்பதே பொதுவிதி. 2022 பிப்ரவரி 9-ந் தேதியன்று பிறநாட்டு ட்ரோன்களை முழு யந்திரமாக இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. தனி உறுப்புகளுக்குத் தடையில்லை. ஆகவே வாலிபன் தன் கையாலேயே பூட்டி உருவாக்கிய யந்திரம் அவன் மகிழ்ச்சிக்குப் பறக்கலாம். அத்தாட்சி பெற்ற மறுநாளே அதைக்கொண்டு கல்யாண வீட்டில் கூலிக்குப் படம் பிடிக்கலாமென்று அவன் எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். பணம் கட்டுமுன் இதைப் பள்ளிகள் அவனுக்குச் சொல்கின்றனவா?

அப்படியாயின் அத்தாட்சியால் பயனே இல்லையா? உண்டு, மூன்று பயன்கள் உண்டு. முதலாவது அறிவு. காற்றின் போக்கு, பாட்டரியின் தன்மை, வான மண்டல விதிகள், ஆபத்தில் செய்ய வேண்டியவை ஆகியவற்றை முறையாகக் கற்றவன் கீழே நிற்கும் குழந்தையின் தலைக்கு அபாயம் விளைவிக்கமாட்டான். இரண்டாவது, பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது. நண்பன் வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடித்தவன் சன்மானம் பெற்றால் அது என்ன? யூடியூபில் போட்ட படத்துக்கு விளம்பர வருமானம் வந்தால் அது என்ன? முதல் ரூபாய் கைக்கு வரும் தருணத்தில், அதுவரை குற்றமற்றிருந்தவன் சட்டத்தின்முன் பதில் சொல்ல வேண்டியவனாகலாம். 2021-ம் வருஷத்து விதிகள் லட்ச ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் வைத்தன. மூன்றாவது, போலீஸ்காரரோ அண்டை வீட்டாரோ கேள்வி கேட்கும்போது, பயிற்சி பெற்றவன் என்று காட்ட ஒரு தஸ்தாவேஜு கையில் இருக்கும். அது குற்றத்தை மன்னிக்கும் சீட்டு அன்று. பொறுப்புள்ளவன் என்பதற்குச் சாட்சி மாத்திரமே.

எனவே, என்றேனும் வருமானம் தேட உத்தேசமுள்ளவனுக்கும், 2 கிலோவுக்கு மேற்பட்ட யந்திரத்தில் ஆசையுள்ளவனுக்கும் அத்தாட்சி அவசியம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்த மைதானத்தில் பறக்கவிட்டு மகிழ்பவனுக்கு அறிவு அவசியம், அத்தாட்சி அவசியமன்று. இதுவே நம் அபிப்பிராயம்.

நமது குறை அத்தாட்சியைப்பற்றியதன்று. அதை அடையும் வழியைப்பற்றியது. சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 100 ரூபாய்தான். அத்தாட்சி 10 வருஷம் செல்லும். பத்தாம் வகுப்புத் தேறிய, 18 முதல் 65 வயது வரையுள்ள எவரும் பெறலாம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற பள்ளியொன்றில் பயின்றாலன்றி அது கிட்டாது. பள்ளிச் சம்பளமோ சர்க்கார் கட்டணத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் 2016 ஆகஸ்டு முதல் நடைமுறையிலிருக்கும் 107-ம் பகுதி விதிகளில் இந்த நிர்ப்பந்தம் இல்லை. 16 வயது நிரம்பியவன் வீட்டிலிருந்தே படித்து, 60 கேள்விகள் கொண்ட பரீக்ஷையில் 70 சதவிகிதம் பெற்றால் போதும். பரீக்ஷைக் கட்டணம் 175 டாலர். அங்கே பறக்கும் சோதனை இல்லாதது ஒரு குறையே. கைப்பழக்கத்தையும் சோதிக்கும் நமது முறை அவ்வகையில் மேலானது. ஆனால் தானாகக் கற்றவனுக்குக் கதவை அடைப்பது எவ்வகையிலும் மேலானதன்று.

2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் அத்தாட்சியை வழங்குவதும் பள்ளியே. சம்பளம் வாங்குபவரும், பயிற்சி தருபவரும், தேறினான் என்று தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராயிருப்பது முறையாகாது. நேர்மையான பள்ளிகள் இருக்கலாம். பல இருக்கின்றன என்றே நம்புவோம். ஆயினும் ஒரு முறையின் நன்மை அதை நடத்துவோரின் நேர்மையை மாத்திரம் நம்பியிருக்கலாகாது.

2023 நவம்பரில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் அளிக்க 1,261 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியும் அதில் அடங்கும். வயலுக்கு மருந்து தெளிக்கும் சகோதரிக்கு இந்த வித்தை கைவருமென்று நம்பிய சர்க்கார், சொந்த முயற்சியால் ஏற்கெனவே கற்றுக்கொண்ட வாலிபனை நம்பலாகாதா? எழுத்துப் பரீக்ஷையை டைரக்டர் ஜெனரலே தமிழ் முதலிய தேச பாஷைகளிலும் நடத்தட்டும். எங்கு படித்தவனாயினும் அதை எழுதட்டும். பறக்கும் சோதனைக்கு மாத்திரம் சொற்பக் கட்டணத்துடன் பள்ளிக்குச் செல்லட்டும். அங்கும் பயிற்சி அளித்தவர் பரீக்ஷகராக இருக்கக்கூடாது. இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் விதிகளை ஒருமுறை தாங்களே வாசியுங்கள். உங்கள் யந்திரத்தின் எடை என்ன, நோக்கம் என்ன, பறக்குமிடம் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுகொள்ளுங்கள். அத்தாட்சி தேவையென்றால் தயங்காது பெறுங்கள். தேவையில்லையென்றால் அந்தப் பணத்தைக் கொண்டு இன்னொரு யந்திரத்தை உங்கள் கையாலேயே உருவாக்குங்கள். தேசத்துக்கு அதுவும் லாபமே.